விளக்கம் இலவசம், பதில் கிடையாது

பள்ளி வயது வந்த பிள்ளையைத் தொடக்கப்பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளிவரை அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, நீதிபதிக்குக் கோபம் வந்தால் இரண்டும். மலேசியாவின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் 2002இல் செருகப்பட்ட 29ஏ பிரிவு சொல்வது இது. 2003 முதல் நடப்பில் இருக்கிறது. 2025இல் நாடாளுமன்றம் கட்டாயக் கல்வியை இடைநிலைப்பள்ளிக்கும் நீட்டித்தது. நல்ல சட்டம்தான். படிக்கிற வயதுப் பிள்ளையைப் பட்டறைக்கு அனுப்புகிறவனை இரண்டு தட்டு தட்டத்தான் வேண்டும்.

அதே சட்டத்தில் இன்னொரு தொகையையும் தேடிப் பாருங்கள். சேர்த்த பிள்ளை ஆறு வருடம் நாள் தவறாமல் போகிறது. சீருடை வாங்கினீர்கள், சந்தா கட்டினீர்கள், பரிசளிப்பு விழாவுக்கு ஜிகினா வைத்த ஆடை தைத்துக் கொடுத்தீர்கள். ஆறாம் ஆண்டு முடிகிறது. பிள்ளைக்கு ஒரு பத்தியைத் தடங்கலில்லாமல் வாசிக்க வரவில்லை. இப்போது யாருக்கு எவ்வளவு அபராதம்? பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருக்கலாம். அதற்குத் தொகை போடச் சட்டம் எழுதியவர்களுக்கு மறந்துவிட்டது. பிள்ளையை வாசல்வரை கொண்டுவந்து விடாதவர் குற்றவாளி. வாசலைத் தாண்டிய பிள்ளைக்குள் ஒன்றும் ஏறவில்லை என்றால், அது ‘மேம்பாட்டுக்கு இடமுள்ள பகுதி’ என்று ஓர் அறிக்கையில் ஒரு வரி. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். இந்த நாட்டுக் கல்விச் சட்டத்துக்கு இளைத்தவர்கள் அப்பாவும் அம்மாவும்.

நம் கல்வி அதிகாரிகளுக்குப் பெற்றோரைப் பற்றித் தீராத ஒரு கவலை உண்டு. இவர்களுக்குப் புரியவில்லையே என்ற கவலை. தேர்வு இருந்த காலத்தில் தேர்வின் நோக்கம் இவர்களுக்குப் புரியவில்லை. தேர்வை நீக்கியபிறகு, நீக்கிய நோக்கம் புரியவில்லை. ஆகவே விளக்கக் கூட்டம் போடுகிறார்கள்.

பினாங்கின் ஜெலுத்தோங் வட்டாரத்தில் ஒரு பள்ளி. பெயர் வேண்டாம், எந்தப் பள்ளியின் பெயரை எழுதினாலும் பொருந்தும். சனிக்கிழமை காலை எட்டரைக்குக் கூட்டம், ‘பெற்றோர் அனைவரும் கட்டாயம் வரவும்’ என்று முதல் நாள் இரவு வாட்ஸ்அப்பில் வந்தது. பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி, முன்னால் பிரமுகர்களுக்கு உறை போட்ட சோபா. மக்கள் பிரதிநிதியான ஒய்பி வரும்வரை தொடங்க முடியாது என்பதால் எட்டரை ஒன்பதரையானது. ஒய்பி வந்தார், பொன்னாடை வந்தது, மாலை வந்தது, படம் எடுத்தார்கள், ‘கல்விதான் நம் சமுதாயத்தின் சொத்து’ என்றார், அடுத்த நிகழ்ச்சிக்குப் புறப்பட்டார். அதற்குப் பிறகுதான் அதிகாரி திரையை இறக்கினார். சிலைடுகள் எல்லாம் மலாயில். ஒவ்வொன்றிலும் அம்புக்குறிகளும் வட்டங்களும், வட்டத்துக்குள் சுருக்கப்பெயர்களும். அவர் வாசித்தார், நாங்கள் தலையாட்டினோம்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் இறங்கி, கழுத்தில் அடையாள அட்டையோடு நேரே வந்திருந்த ஓர் அம்மா கையைத் தூக்கினார்.

“சார், என் மகனுக்குக் கணக்குல டிபி மூணுன்னு போட்டிருக்கு. அவனுக்குக் கணக்கு வருதா, வரலையா?”

“டிபி மூன்று என்றால் குறைந்தபட்ச அடைவுநிலையை அடைந்துவிட்டார் என்று அர்த்தம் அம்மா. திருப்திகரம்.”

“கடைக்கு அனுப்பினா மிச்சக் காச எண்ணி வாங்கத் தெரியல சார்.”

“பிள்ளைகளை ஒப்பிடக் கூடாது அம்மா. ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேகத்தில் கற்பார்கள்.”

“நான் யாரோடயும் ஒப்பிடல சார். கடைக்காரர் குடுத்த காசோடதான் ஒப்பிட்டேன்.”

மண்டபம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். “வீட்டில் நீங்களும் கொஞ்சம் நேரம் ஒதுக்கிச் சொல்லித்தர வேண்டும்” என்று முடித்து வைத்தார். இரவெல்லாம் நின்றபடி சில்லு சோதித்துவிட்டு வந்த பெண்ணுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை அது. பிறகு மீகூன் கோரேங், கறிபாப், தே ஓ. வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பெற்றோருக்கு விளக்கம் அளிக்கப்பட்டது என்பதற்கு அது ஆதாரம், கோப்பில் ஏறும்.

அந்த அம்மாவுக்குப் புரியாதது எது? டிபி என்கிற அடைவுநிலை ஒன்று முதல் ஆறு வரை போகும் என்பது புரிகிறது. மூன்று என்பது நடுவில் இருக்கிறது என்பதும் புரிகிறது. தன் பிள்ளைக்குக் கழித்தல் வரவில்லை என்பது எல்லாவற்றையும்விட நன்றாகப் புரிகிறது. டிபி மூன்றும் வராத கழித்தலும் ஒரே பிள்ளையிடம் எப்படி ஒத்துப்போகின்றன என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவருக்குத்தான் கேள்வி புரியவில்லை, அல்லது மிக நன்றாகப் புரிந்துவிட்டது.

இந்த மதிப்பீடுகளின் வரலாற்றைப் பாருங்கள். ஆறாம் ஆண்டுத் தேர்வான யூபிஎஸ்ஆர் 1988இல் வந்தது. 2011இல் அதோடு பள்ளிசார் மதிப்பீடு வந்தது. அதில் ஆறு பேண்டுகள். முதல் பேண்ட் பிள்ளைக்கு ‘தெரியும்’. இரண்டாவது பேண்டுக்குத் ‘தெரியும், புரியும்’. மூன்றாவது ‘தெரியும், புரியும், செய்யவும் முடியும்’. நான்காவது பேண்டில் அதையே பண்போடு செய்ய வேண்டும். ஐந்தில் மெச்சத்தக்க பண்போடு. ஆறில் முன்மாதிரியான பண்போடு. நான் கிண்டல் செய்யவில்லை, அரசாங்கம் அச்சடித்துக் கொடுத்த அளவுகோல் இது. இரண்டு பின்னங்களை முன்மாதிரியான பண்போடு பெருக்கிய பிள்ளை எப்படி இருக்கும் என்று நானும் நெடுநாள் யோசித்திருக்கிறேன். கீழெண்ணுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் பெருக்குமோ என்னவோ. இந்தப் பேண்டுகளை இணையத்தில் ஏற்ற ஆசிரியர்கள் நள்ளிரவுக்குப் பிறகு விழித்திருந்தார்கள், ஏனென்றால் பகலில் அந்தத் தளம் அசையாது. 2014 பிப்ரவரியில் ஆசிரியர்களே திரண்டு கத்தியபிறகு கோப்புகள் குறைந்தன. அதே 2014இல் மூன்றாம் படிவத்தில் பிஎம்ஆர் தேர்வு போய் பிடி3 வந்தது. 2021 ஏப்ரலில் யூபிஎஸ்ஆர் போனது. 2022 ஜூனில் பிடி3யும் போனது. மூன்று பிள்ளை பெற்ற வீட்டில் மூன்று விதமான மதிப்பெண் அட்டை இருக்கிறது. பெரியவனுக்கு ஏ, பி, சி, நடுவிலானுக்குப் பேண்ட், சின்னவளுக்கு டிபி. எந்த மாற்றத்துக்கும் முன்னால் பெற்றோரைக் கேட்கவில்லை. எல்லா மாற்றத்துக்கும் பின்னால் விளக்கக் கூட்டம் மட்டும் நடந்தது.

யூபிஎஸ்ஆர் போனதும் டியூஷன் போய்விடும் என்றார்கள். ஜாலான் ஜெலுத்தோங்கில் கடைவீட்டு மாடிகளை அண்ணாந்து பாருங்கள், பலகைகள் அப்படியே இருக்கின்றன. டியூஷன் மாஸ்டர் மாதம் ஒருமுறை ஒரு தாள் கொடுக்கிறார், திருத்துகிறார், மேலே சிவப்பு மையில் 43 என்று எழுதி வட்டம் போட்டு வீட்டுக்கு அனுப்புகிறார். பெற்றோர் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் அந்த 43ஐத்தான். பள்ளி இலவசமாகக் கொடுக்காத ஒரே பொருள் அது. வசதி உள்ள வீடு மாதாமாதம் 43ஐ வாங்கி, பதறி, இன்னும் கொஞ்சம் செலவழித்து 60க்குக் கொண்டுபோகிறது. வசதி இல்லாத வீடு ‘திருப்திகரம்’ என்ற தாளை நம்பி உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைகளை ஒப்பிடக் கூடாது என்று நிறுத்திய தேர்வு, வீடுகளைப் பிரித்துவிட்டது.

உடனே, பழைய தேர்வையே திரும்பக் கொண்டுவா என்று மேசையைத் தட்டுகிறவர்களுக்கும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. யூபிஎஸ்ஆர் காலத்தை நாம் அவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோமா? தேர்வுக்கு முந்தின வாரம் கோயிலில் பேனாவுக்குப் பூஜை, தட்டு நிறைய பென்சிலும் திருநீறும். முடிவு வந்த மறுநாள் தமிழ்ப் பத்திரிகைகளில் 7ஏ பிள்ளைகளின் படம் பக்கம் பக்கமாக. பள்ளி வேலியில் அந்தப் பிள்ளைகளின் முகத்தைவிடப் பெரிதாகத் தலைவரின் முகம் போட்ட வாழ்த்துப் பதாகை. வகுப்பில் ஏ எடுக்கக் கூடியவர்கள் ஒரு பக்கம், முட்டுக் கொடுத்தால் தேறக் கூடியவர்கள் இன்னொரு பக்கம், மற்றவர்கள் பின்வரிசை. அந்தப் பின்வரிசையின் படத்தை எந்தப் பத்திரிகை போட்டது? தேசிய மொழித் தாளில் சறுக்கிய தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஒரு வருடம் புகுமுக வகுப்பில் உட்கார்ந்தது. அந்த ஒரு வருடத்தை அதனிடமிருந்து எடுத்தது யார் என்று எந்தப் பதாகையும் சொல்லவில்லை. 2016இல் தேர்வின் அமைப்பை மாற்றினார்கள். எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்தவர்கள் நாடு முழுக்க 4,896 பேர், 1.11 விழுக்காடு. அதற்கு முந்தைய ஆண்டின் எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு. ஒரே ஆண்டில் நாட்டுப் பிள்ளைகளின் மூளை சுருங்கிவிட்டதா? அளவுகோலை மாற்றியவுடன் அதுவரை அளந்தது என்ன என்ற சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முடிவைப் பார்த்து அழுத பிள்ளைகளைத் தேற்ற ஆலோசகர்கள் வந்தார்கள்.

2014 யூபிஎஸ்ஆர் இன்னும் அழகு. அறிவியல், ஆங்கிலத் தாள்கள் தேர்வுக்கு முன்பே கைபேசிகளில் சுற்றின. நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் செப்டம்பர் 30இல் மறுபடி எழுதினார்கள். கசியவிட்டது பெரியவர்கள், தண்டனைபோல் மறுதேர்வு எழுதியது பிள்ளைகள். சில ஆசிரியர்கள் மீது 1972ஆம் ஆண்டு அரசாங்க இரகசியச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டார்கள். அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்திலும் இதேபோல் ஒரு கூத்து. 2009 தேர்வுத் தாள்களில் ஆசிரியர்களே பிள்ளைகளின் தப்பான விடைகளை அழித்துத் திருத்தியிருந்தார்கள். 44 பள்ளிகளில் 178 பேர் என்றது 2011இல் வந்த விசாரணை அறிக்கை. 2015இல் பதினொரு பேரைக் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம், மாஃபியாக் கும்பல்களைப் பிடிக்க எழுதிய சட்டத்தின் வழியாக. அங்கே வாத்தியாரைப் பிடிக்க மாஃபியாச் சட்டம், இங்கே ஒற்றர் சட்டம். பள்ளிக்கென்று ஒரு பொறுப்புச் சட்டத்தைச் சரியாக எழுதாத நாடுகளில் இப்படித்தான், கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அதிபர் புஷ் 2002இல் கையெழுத்திட்ட அமெரிக்கப் பள்ளிக் கல்விச் சட்டம், எல்லாப் பிள்ளைகளும் 2014க்குள் நூறு விழுக்காடு தேற வேண்டும் என்ற பைத்தியக்காரத்தனத்தோடு ஓர் உருப்படியான காரியத்தையும் செய்தது. ஒவ்வொரு பள்ளியும் தன் முடிவை இனம், வறுமை, உடற்குறை வாரியாகப் பிரித்துப் பொதுவில் வைக்கக் கட்டாயப்படுத்தியது. வெள்ளைக்காரப் பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்குப் பின்னால் கறுப்பினப் பிள்ளைகளின் மதிப்பெண்ணை ஒளித்து வைக்க முடியவில்லை. நம் பள்ளி வாசலில் என்ன ஒட்டியிருக்கிறது? குறிக்கோள், தொலைநோக்கு, பள்ளிப்பாடல், தலைமையாசிரியர் வரிசைப் படங்கள். மூன்றாம் ஆண்டில் எத்தனை பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்ற எண்ணை எந்த வாசலிலும் நான் கண்டதில்லை.

எண்ணே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். எண்கள் மலைபோல் இருக்கின்றன, எல்லாம் மேல்நோக்கிப் போகின்றன. பள்ளியிலிருந்து மாவட்டக் கல்வி அலுவலகம், அங்கிருந்து மாநிலம், அங்கிருந்து புத்ராஜெயா. கீழ்நோக்கி வருவது சுற்றறிக்கை மட்டும். பள்ளித் தரத்தை அளக்க ஒரு தேசிய அளவுகோல் வைத்திருக்கிறார்கள். பள்ளி அதை வைத்துத் தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்கிறது, ஆதாரத்துக்குக் கோப்பு அடுக்குகிறது, பிறகு நாசிர் என்கிற பள்ளி ஆய்வாளர் வந்து பார்க்கிறார். பரீட்சை எழுதுகிறவரே விடைத்தாள் திருத்துவது வகுப்பில் நடந்தால் காப்பி அடித்தல். அலுவலகத்தில் நடந்தால் சுயமதிப்பீடு. 2010இல் பள்ளிகளை ஏழு பேண்டாகப் பிரித்தபோது நன்றாக ஏறிய பள்ளியின் தலைமையாசிரியருக்கு 7,500 வெள்ளி பரிசு அறிவித்தார்கள். எண்ணுக்குப் பணம் கட்டியபிறகு எண் ஏறாமல் எங்கே போகும்? அதே ஆண்டு லினுஸ் திட்டம் வந்தது. மூன்றாம் ஆண்டு முடிக்கும் பிள்ளைகளில் நூறு விழுக்காட்டினரும் 2012க்குள் எழுத்தும் எண்ணும் அறிந்திருக்க வேண்டும் என்று இலக்கு. அமெரிக்காவிலும் நூறு, இங்கேயும் நூறு. சட்டம் போடுகிறவர்களுக்கு அந்த எண்மேல் என்ன மோகமோ. இலக்கை எட்டிவிட்டோம், நெருங்கிவிட்டோம் என்று அறிக்கைகள் வந்துகொண்டே இருந்தன. திட்டமும் போய்ச் சேர்ந்தது. 2025இல் கல்வியமைச்சே சொன்ன கணக்குப்படி, முதலாம் ஆண்டில் வாசிப்பு, எழுத்து, கணக்கு வராத பிள்ளைகள் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல்.

உலகம் வந்து அளந்தபோது என்ன நடந்தது என்பது தனிக்கதை. பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கான பீசா தேர்வில் 2015இல் நம் மதிப்பெண் திடீரென்று ஏறியது. ஆனால் நடத்தியவர்கள் நம்மைப் பட்டியலில் சேர்க்கவில்லை. தேர்ந்தெடுத்த பள்ளிகளில் 85 விழுக்காடு கலந்துகொள்ள வேண்டிய இடத்தில் நம் கணக்கு 51தான். பாதிப் பள்ளிகளைக் காணோம். வீட்டுக்கு வந்த மதிப்பெண் அட்டையில் பாதியைக் கிழித்துவிட்டு மீதியை மட்டும் ஒரு பையன் அப்பாவிடம் நீட்டினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. 2022இல் முழு அட்டையும் வந்தது: கணக்கில் 409, அறிவியலில் 416, வாசிப்பில் 388. வாசிப்பில் 2018ஐவிட 27 புள்ளி சரிவு. 2013இல் எழுதிய கல்விப் பெருந்திட்டம், பதினைந்து ஆண்டுக்குள் உலகின் மேல் மூன்றில் ஒரு பங்கில் நிற்போம் என்றது. ஐந்தாம் ஆண்டு முடிக்கும் மலேசியப் பிள்ளைகளில் 42 விழுக்காட்டினர் எதிர்பார்க்கிற அளவுக்கு வாசிப்பதில்லை என்று உலக வங்கி 2024இல் சொன்னது. இதற்கெல்லாம் எந்த அதிகாரி சம்பளம் இழந்தார், எந்த அமைச்சர் நாற்காலி இழந்தார்? அபராதம் இன்னும் பெற்றோருக்கு மட்டும்தான், 5,000 வெள்ளி.

இந்தப் பாலைவனத்தில் ஒரு தீர்ப்பு உண்டு, அதைத்தான் விளக்கக் கூட்டங்களில் சிலைடு போட்டுக் காட்ட வேண்டும். சபா, கோத்தா பெலூட்டில் தாவுன் குசி இடைநிலைப்பள்ளி. 2015இல் நான்காம் படிவ ஆங்கில ஆசிரியர் ஏழு மாதம் வகுப்புப் பக்கமே வரவில்லை. சித்தி நஃபிரா சிமான் என்ற அந்த வகுப்பு மாணவி 2018இல் வழக்குப் போட்டார். ஆசிரியர் மீது மட்டுமல்ல, பள்ளி முதல்வர், கல்வித் தலைமை இயக்குநர், கல்வியமைச்சர், மலேசிய அரசாங்கம் வரை. எத்தனை பேர் சிரித்திருப்பார்கள்! கிராமத்துப் பெண்பிள்ளை அரசாங்கத்தைக் கூண்டில் ஏற்றுவதாவது. 2023 ஜூலை 18இல் கோத்தா கினபாலு உயர்நீதிமன்றத்தில் நீதிபதி லியோனார்ட் டேவிட் ஷிம், கல்விச் சட்டத்தின் கடமையைப் பிரதிவாதிகள் மீறிவிட்டார்கள் என்றும், கல்வி பெறும் அந்த மாணவியின் அரசியலமைப்பு உரிமை பறிக்கப்பட்டது என்றும் சொல்லி 150,000 வெள்ளி இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டார்.

கவனியுங்கள், அதே 1996 கல்விச் சட்டம்தான். பள்ளிக்குத் தண்டனைத் தொகை எழுதாத அந்தச் சட்டத்துக்குள்ளேயே கடமை என்ற ஒன்று இருக்கிறது என்று ஒரு மாணவி போய்ச் சொல்லவேண்டி இருந்தது. நம் சங்கங்கள் எதுவும் சொல்லவில்லை, கட்சிகள் சொல்லவில்லை, கல்வி மாநாடுகளில் வெற்றிலை பாக்குத் தட்டோடு வரவேற்கப்பட்ட பேராசிரியர்கள் சொல்லவில்லை.

ஜெலுத்தோங்காரர்களுக்கு நீதிமன்றம் புதிதா என்ன? 1978 முதல் 1999 வரை இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் கர்ப்பால் சிங். அமைச்சர் சாமிவேலு சிங்கமாக இருந்துகொள்ளட்டும், மலேசியக் காட்டில் சிங்கம் கிடையாது, நான் புலி என்று அவர் கிண்டலாகச் சொன்னதிலிருந்துதான் ‘ஜெலுத்தோங் புலி’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது என்பார்கள். அரசாங்கத்தை எதிர்த்து வழக்காடியே வயதான மனிதர் அவர். அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது, அந்தச் சாலை வழியாகத்தான் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறோம். ஆசிரியர் மூன்று வாரமாக வரவில்லை என்று பிள்ளை சொன்னால், ‘வெளியே சொல்லாதே, டீச்சர் கோபித்துக்கொள்வார்’ என்கிறோம்.

பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பள்ளி நிர்வாகத்திலும் ஆசிரியரின் தொழிலிலும் தலையிடக் கூடாது என்ற விதிக்குள் நின்றுகொண்டு இருக்கிறது. மின்விசிறி வாங்கலாம், ஏர்கோன் வாங்கலாம், கழிப்பறைக்குக் கதவு போடலாம், நன்கொடை விருந்துக்கு டிக்கெட் விற்கலாம். வகுப்பில் என்ன நடக்கிறது என்று மட்டும் கேட்கக் கூடாது. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறது. தமிழ்நாடு அந்தக் குழுக்களை 2022இல் புதிதாக அமைத்தது. அங்கேயும் எத்தனையோ குழுக்கள் காகிதத்தோடு சரி. ஆனால் திட்டம் தீட்டவும் கண்காணிக்கவும் உனக்கு இடம் உண்டு என்று காகிதத்திலாவது இருக்கிறது. நமக்கு அதுவும் இல்லை. விருந்துக்கான டிக்கெட் இருக்கிறது.

கடைசியாக நம் வீட்டுக் குப்பையையும் கொட்டிவிடுகிறேன். தமிழ்ப்பள்ளியில் கேள்வி கேட்கிற பெற்றோருக்குச் சீனப்பள்ளிப் பெற்றோருக்கு இல்லாத ஒரு கூடுதல் தண்டனை இருக்கிறது. அவர் இனத்துரோகி ஆகிவிடுகிறார். ‘ஏற்கெனவே பிள்ளை எண்ணிக்கை குறைந்துகொண்டு வருகிறது, இப்போதுபோய்க் குறை சொல்கிறீர்களே, பள்ளியை மூடிவிட்டால்?’ என்று கேட்கிறார்கள். 150 பிள்ளைக்குக் கீழே போனால் ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்ற முத்திரை விழுந்துவிடும் என்ற பயம் உண்மையானது. பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளில் ஒன்றுகூட மூடக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. 1816இல் இதே பினாங்கில்தான் தமிழ் வகுப்பு தொடங்கியது, 2016இல் இருநூறாண்டு விழா எடுத்தோம், ‘தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு’ என்று சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு நடந்தோம். எல்லாம் சரி. தமிழ்ப்பள்ளியைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகத் தமிழ்ப்பள்ளிக்குள் இருக்கிற ஏழைப் பிள்ளை வாயை மூடிக்கொண்டு எழுத்தறியாமல் வெளியேற வேண்டும் என்றால், காப்பாற்றப்படுவது பள்ளியா, பதவியா? உழைக்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தன் காசில் புத்தகம் வாங்கிக் கொடுத்து, மதியத்துக்கு மேலும் உட்கார்த்திச் சொல்லித்தருகிற டீச்சர்கள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். பதில் சொல்லும் கடமை இல்லாத ஏற்பாட்டில் முதலில் ஏமாறுகிறவர்களும் அவர்கள்தான். உழைக்கிறவருக்கும் ஊர் சுற்றுகிறவருக்கும் ஒரே கோப்பு, ஒரே மதிப்பீடு, ஒரே ஓய்வூதியம்.

இன்னொரு குரலும் கேட்கிறது: தொகுதித் தலைவர்கள் இதைப் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் ஓட்டுப்போட்டால் போதும். 2020 ஜூனில் ஜெலுத்தோங் குப்பைமேடு எரிந்து வீடு வீடாகப் புகை நுழைந்தபோது வந்த தலைவர்கள் அத்தனை பேரும் முகக்கவசத்தோடு படம் எடுத்துக்கொண்டார்கள். பள்ளி எரிந்தால் நிச்சயம் வருவார்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளையிடமிருந்து புகை வராதே.

அதனால், ஜெலுத்தோங் பெற்றோரே, அடுத்த விளக்கக் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். மீகூனைச் சாப்பிடுங்கள், அது உங்கள் சந்தாப் பணம். பிறகு எழுந்து நின்று கேளுங்கள். என் பிள்ளையின் ஆண்டில் எத்தனை பேருக்குத் தடையில்லாமல் வாசிக்க வரும், எண்ணைச் சொல்லுங்கள். இந்த வருடம் எந்தெந்தப் பாடவேளையில் ஆசிரியர் இல்லை, யார் பார்த்துக்கொண்டார்கள்? என் பிள்ளைக்கு டிபி மூன்று போட எந்தப் பயிற்சியைப் பார்த்தீர்கள், அந்தத் தாளை எடுத்துக் காட்டுங்கள். பதிலை வாயால் வாங்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். ஆண்டுக் கூட்டத்தில் கேட்டால் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள், ஏற்றினார்களா என்று அடுத்த கூட்டத்தில் படித்துப் பாருங்கள். மழுப்பினால் கல்வியமைச்சின் புகார்த் தளத்தில் பதிந்து, புகார் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கேட்டால் பிரச்சினைக்காரர் என்பார்கள், இருவர் கேட்டால் யாரோ தூண்டிவிட்டார்கள் என்பார்கள். முப்பது பேராகப் போங்கள்.